கடற்கரைக் கணக்கெடுப்பை டாஷ்போர்டாக்கும்போது கவனிக்க வேண்டியவை

மீனவக் குடும்பங்களிடம் கணக்கெடுப்பு முடிந்து எக்செல் ஃபைல் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "பவர் பிஐயா, லுக்கர் ஸ்டுடியோவா?" என்பதுதான். ஷீட்டில் உள்ள எண்களைச் சார்ட்டுகள் கொண்ட ஒரு பக்கமாக, அதாவது டாஷ்போர்டாக, ஆக்கும் மென்பொருள்கள் அவை. இரண்டில் எதுவும் வேலை செய்யும். அதற்கு முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் ஷீட்டில் ஒரு வரிசை என்பது எது? வீடா, ஆளா, படகா, வலையா, ஒரு நாள் கடல் பயணமா? ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நடக்கும் கணக்கெடுப்புகளில் டாஷ்போர்டு தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் சரிசெய்யாது.

மண்டபத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆள் 5, வள்ளம் 1, வலை மூன்று வகை: நண்டு வலை, சூடை வலை, திருக்கை வலை. கணக்கெடுப்புக்குப் பயன்படும் கோபோ டூல்பாக்ஸ் படிவத்தில் வலை விவரத்தை ரிப்பீட் குரூப்பில் (ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பகுதியில்) கேட்டிருந்தால், டவுன்லோட் செய்யும்போது இரண்டு ஷீட் வரும். வீட்டு ஷீட்டில் இந்த வீட்டுக்கு ஒரு வரிசை, வலை ஷீட்டில் மூன்று வரிசை. இரண்டையும் ஒட்டி ஒரே ஷீட்டாக்கினால் வீட்டு விவரம் மூன்று தடவை வரும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் 5 பேர் 15 பேர் ஆகிவிடுவார்கள். பல வகை வலை வைத்திருக்கும் ஊரின் மக்கள்தொகை வீங்கும். ஒரே வலை வைத்திருக்கும் ஊர் சுருங்கித் தெரியும். லுக்கர் ஸ்டுடியோவில் இரண்டு ஷீட்டையும் சேர்க்கும் பிளெண்ட் போட்டாலும் நடப்பது இதேதான். மொத்தத்தை யாராவது கையால் கூட்டிப் பார்க்கும்வரை தப்பு தெரியாது.

இரண்டு ஷீட்டையும் ஒட்டாமல் தனித்தனி மூலமாகவே வைப்பது நல்லது. ஆள், வீடு, கடன், கல்வி பற்றிய சார்ட் எல்லாம் வீட்டு ஷீட்டிலிருந்து. வலை, மீன்பாடு பற்றியவை வலை ஷீட்டிலிருந்து. ஃபில்டருக்குத் தேவையான ஊர், வட்டம், எடை (ஒரு பதில் எத்தனை வீட்டுக்குப் பேசுகிறது என்ற எண்; பின்னால் வரும்) ஆகிய மூன்றை மட்டும் எக்ஸ்லுக்அப் என்ற தேடும் ஃபார்முலா போட்டு வலை ஷீட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். பவர் பிஐ என்றால் ஒன்றுக்குப் பல என்ற உறவை வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். இணைப்புக்கு இண்டெக்ஸ் எண்ணை நம்ப வேண்டாம். அது அந்த எக்ஸ்போர்ட்டின் வரிசை எண்தான். நடுவில் ஒரு பதிவை அழித்தால் அடுத்த டவுன்லோடில் எல்லாம் ஒரு எண் தள்ளிப்போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக இருக்கும் யூயூஐடி என்ற நீண்ட அடையாளக் குறியீடு இரண்டு ஷீட்டிலும் வருகிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது இன்னும் இரண்டு விஷயம். படிவத்தைப் பாதியில் திருத்தி மறுபடி டெப்ளாய் செய்திருந்தால் (களத்துக்கு வெளியிட்டிருந்தால்) 'எல்லாப் பதிப்புகளின் கேள்விகளும்' என்ற தேர்வை டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துவிட்ட பழைய கேள்விகளின் பதில்கள் ஃபைலில் வராது. அடுத்து, லேபிளாக எடுக்காமல் எக்ஸ்எம்எல் மதிப்பாக, அதாவது குறியீடாக எடுங்கள். லேபிளில் ஒரு ஒற்று மாறினாலும் பழைய பதிலும் புதிய பதிலும் இரண்டு வகையாகப் பிரிந்துவிடக்கூடும். தமிழ் லேபிளைத் தனி ஷீட்டில் வைத்துக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

போகவில்லை, படவில்லை, தெரியாது

இந்தக் கரையில் மீன்பாடு கேட்பவர்கள் கட்டாயம் பிரித்து வைக்க வேண்டிய மூன்று நிலைகள் இவை. படிவத்தில் "நேற்று எத்தனை கிலோ?" என்று ஒரே கேள்வி இருந்தால், போகாதவர், போய் வெறும் வலையோடு திரும்பியவர், கணக்கு தெரியாதவர் மூவரும் காலிக் கட்டமாகவோ 0 ஆகவோ வந்து சேர்வார்கள். கேள்வி கேட்பவரின் பழக்கத்தைப் பொறுத்து அது மாறும்.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். பத்துப் படகு. நான்கு போகவில்லை. ஆறு போயின, அதில் இரண்டுக்கு ஒன்றும் படவில்லை, மற்ற நான்குக்கும் தலா 15 கிலோ. மொத்தம் 60 கிலோ. போகாததையும் 0 என்று எழுதியிருந்தால் சராசரி 6 கிலோ. படாததைக் காலியாக விட்டிருந்தால், காலியைச் சராசரிக் கணக்கு தள்ளிவிடுவதால், 15 கிலோ. போன படகுக்கு எவ்வளவு என்ற சரியான கணக்கு 10 கிலோ. ஒரே ஊர், ஒரே நாள், மூன்று விடை. ஆறு கிலோவைப் பார்த்து மீன் அழிந்துவிட்டது என்று ஒருவர் பேசுவார். பதினைந்தைப் பார்த்து வருமானம் நன்றாக இருக்கிறது என்று இன்னொருவர் பேசுவார்.

ஆகவே கேள்வியை உடையுங்கள். "அண்ணே, நேத்து தொழிலுக்குப் போனீங்களா?" என்று முதலில். இல்லை என்றால் காரணம்: தடைக்காலம், முறை நாள் இல்லை, காற்று, படகு பழுது, டீசல் போடப் பணமில்லை, ஊர்த் திருவிழா அல்லது துக்கம். ஆமாம் என்றால் மட்டும் கிலோக் கேள்வி திறக்கட்டும். அங்கே 0 செல்லும், காலி செல்லாது. தெரியாது என்பதற்கு 999 போடும் பழைய வழக்கம் ஆபத்தானது. இருபது பேரில் ஒருவர் 999 என்றாலே சராசரி சுமார் 50 கிலோ ஏறிவிடும். 'கணக்கு தெரியாது' என்று தனியாக ஒரு டிக் கட்டம் வைத்தால் எண் இருக்கும் இடத்தில் எண் மட்டும்தான் இருக்கும்.

டாஷ்போர்டில் இதற்கு இரண்டு எண் பெட்டி வேண்டும்: போன படகுகளின் பங்கு, போன படகுக்குக் கிலோ. இரண்டாவதை ஷீட்டிலேயே வகுத்து வைத்து, டாஷ்போர்டில் சராசரி எடுக்கக் கூடாது. மொத்தக் கிலோவை மொத்தப் பயணத்தால் வகுக்கும் கணக்கை டாஷ்போர்டுக்குள் எழுதினால்தான், யார் எந்த ஊரை ஃபில்டர் செய்தாலும் விடை சரியாக வரும்.

கடலும் காலமும்

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. இதைத் தெரியாமல் ஏழால் வகுத்து 'ஒரு நாள் சராசரி' போட்டால் விசைப்படகின் கணக்கு பாதிக்கும் கீழே போகும். ஒரே கிழமையில் ஊர் ஊராகப் போய்க் கேட்டாலும் சிக்கல்தான்: "நேற்று" என்பது ஒரு தரப்புக்கு எப்போதுமே போகாத நாளாக அமைந்துவிடும். தேதியிலிருந்து கிழமையை எடுத்து ஒரு எளிய அட்டவணை போட்டுப் பாருங்கள், கிழமைக்கு எத்தனை பதிவு என்று. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மாதவாரியாகக் கோட்டு வரைபடம் போட்டால் மென்பொருள் அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு முனையையும் நேர்க்கோட்டால் இணைத்துவிடக்கூடும். மீன்பாடு மெல்ல ஏறிவந்தது போலத் தெரியும். லுக்கர் ஸ்டுடியோவில் கோட்டின் ஸ்டைல் பகுதியில் விடுபட்ட தரவை எப்படிக் காட்டுவது என்று ஒரு தேர்வு உண்டு. கோட்டை உடைக்கும் தேர்வை எடுங்கள். பூஜ்யத்துக்கு இறக்கும் தேர்வு நாட்டுப்படகுக்குப் பொய்யாகிவிடும், ஏனென்றால் அவர்கள் அந்த மாதங்களிலும் போகிறார்கள். விசைப்படகையும் நாட்டுப்படகையும் ஒரே கோட்டில் சேர்க்காமல் இருப்பது இன்னும் நல்லது.

அதைவிட நுட்பமானது வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) விவகாரம். வாடைக் காற்றில் பாக் விரிகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். இரண்டையும் சேர்த்து மாவட்டச் சராசரி போட்டால் ஒரு பக்கத்துப் பள்ளத்தை இன்னொரு பக்கம் நிரப்பி, ஆண்டு முழுக்கச் சமமாக ஓடும் ஒரு கோடு கிடைக்கும். அப்படி ஒரு கடலே இங்கு இல்லை. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதியில் காற்றைப் பார்த்துக் கடலையே மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே ஊரை வைத்துக் கடலை முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு பயணத்துக்கும் "வடகடலா, தென்கடலா?" என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். டாஷ்போர்டின் முதல் ஃபில்டர் அதுவாகவே இருக்கட்டும். வட்டம், ஊராட்சி எல்லாம் அதற்குப் பிறகு.

கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்கும்போது இன்னொரு நாள்காட்டி வேண்டும். அவர்கள் வேலை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கூடும், மற்ற நாள்களில் குறையும். "போன வாரம் எவ்வளவு?" என்று கேட்டு அதை 4 ஆல் பெருக்கினால் மாத வருமானம் வராது. எந்த வாரத்தில் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்து அதிகமாகவோ ஒன்றுமில்லாமலோ வரும். "போன மாசம் எத்தனை நாள் போனீங்க அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டால் பதில் நிற்கும். எடை ஈரமா, காய்ந்ததா என்பதும் தனிக் கேள்வி. காய்ந்தால் எடை பல மடங்கு குறைந்துவிடும். இரண்டும் கலந்த நெடுவரிசையை எந்தச் சார்ட்டாலும் காப்பாற்ற முடியாது.

அளவுகளிலும் இப்படித்தான். நண்டு கிலோவில், சில மீன் பெட்டியில் அல்லது கூடையில், சங்கு எண்ணிக்கையில். இறங்குதளத்துக்கு இறங்குதளம் பெட்டியின் கொள்ளளவு மாறும் என்பதால், படிவத்தில் அளவு ஒரு கட்டம், அலகு ஒரு கட்டம் என்று வாங்கிக்கொண்டு, ஊர்வாரியான மாற்று அட்டவணையை வைத்துப் பின்னால் கிலோவாக்குங்கள். மூல எண்ணை அழிக்காதீர்கள். வருமானத்திலும் படகின் மொத்த விற்பனை வேறு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போய்ப் பங்காகக் கைக்கு வருவது வேறு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கழிவு வேறு. படகுக்காரரும் கூலிக்குப் போகிறவரும் ஒரே நெடுவரிசையில் இருக்கும் இடத்தில் சராசரியைக் காட்டாமல் இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான மீடியனைக் காட்டுங்கள். அது இரண்டு மென்பொருளிலும் இருக்கிறது.

ஒரே தொண்டி இரண்டு முறை

ஊர் ஃபில்டரைத் திறந்தால் 'தொண்டி' இரண்டு தடவை நிற்கும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு கீபோர்டு 'தொ'வின் உயிர்க்குறியை ஒரே எழுத்தாகப் போடுகிறது. இன்னொன்று ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுகிறது. எழுத்துக்குறிகளை எண்ணும் லென் ஃபார்முலா போட்டால் ஒன்று 6 என்றும் மற்றது 7 என்றும் வரும். மோர்ப்பண்ணை, சோளியக்குடி போன்ற ஊர்களுக்கும் இதே கதி. கூகுள் ஷீட்ஸில் சப்ஸ்டிட்யூட், யூனிகார் என்ற இரண்டு ஃபார்முலாவையும் சேர்த்துத் தீர்க்கலாம். இந்த எண்கள் குறிகளின் யூனிகோடு எண்கள்: 3014, 3006 அடுத்தடுத்து வரும் இடத்தில் 3018, 3015, 3006 வரும் இடத்தில் 3019. பைத்தானில் என்எஃப்சி நார்மலைஸ் என்று ஒரே வரியில் முடியும். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியை டிரிம் எடுத்துவிடும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாடு இதற்கு மேல். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம் நான்கும் சரியே; கணினிக்கு நான்கு ஊர். ஊர்ப் பெயரைத் தட்டச்ச விடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வைப்பதுதான் மருந்து. அரசு உள்ளாட்சிக் குறியீட்டை அப்படியே பயன்படுத்தலாம் என்று தோன்றும். ஆனால் ஒரே ஊராட்சிக்குள் பல மீனவக் குடியிருப்புகள் இருக்கும் கரை இது. ஊராட்சிக் குறியீட்டின் பின்னால் குடியிருப்புக்கு உங்கள் சொந்த எண் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அலுவலகப் பட்டியல்கள் வானவில், பாமினி எழுத்துருவில் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். சிஎஸ்வி ஃபைலை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து தமிழ் சிதைந்து தெரிந்தால் ஃபைல் கெட்டுவிடவில்லை. சேவ் செய்யாமல் மூடிவிட்டு, டேட்டா மெனு வழியாக 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்து உள்ளே எடுங்கள். சிதைந்த நிலையில் சேவ் செய்துவிட்டால்தான் இழப்பு.

பல பதில் கேள்விக்கு வருவோம். 'என்னென்ன வலை' என்பதற்குக் குறியீடு 1, 2, 3 என்று போய் 11 வரை வைத்திருந்தால், கட்டத்தில் '3 11' என்று வந்திருக்கும். '1 உள்ளதா' என்று தேடினால் 11இலும் அகப்படும். வலை 1 வைத்திராத அந்த வீடும் வைத்திருப்பதாக எண்ணப்படும். 01 என்று வைத்தாலும் ஷீட் முன்பூஜ்யத்தைத் தின்றுவிடும். 101இல் தொடங்குங்கள், தொல்லை இல்லை. அல்லது ஒவ்வொரு பதிலுக்கும் 0/1 என்று பிரிந்து வரும் நெடுவரிசைகளை எடுத்து, பவர் குவெரியில் அன்பிவட் செய்துகொள்ளலாம், அதாவது நெடுவரிசைகளை வரிசைகளாக்கிக்கொள்ளலாம். இந்த வகைச் சார்ட்டில் கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டும். வட்ட வரைபடம் போடாதீர்கள், பட்டை போடுங்கள், 'ஒருவர் பல பதில் சொல்லலாம்' என்று கீழே எழுதுங்கள்.

எடையிடல் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள், கணக்கு எளிது. ஒரு ஊரில் 600 வீடு, இன்னொன்றில் 90. இரண்டிலும் 30 வீடு கேட்டீர்கள். முதல் ஊரின் ஒவ்வொரு பதிலும் 20 வீட்டுக்குப் பேசுகிறது, இரண்டாவதில் 3 வீட்டுக்கு. முதல் ஊரில் 20 சதவீதம் பேரிடமும் இரண்டாவதில் 80 சதவீதம் பேரிடமும் ஃபைபர் படகு இருந்தால், எடையில்லாமல் 50 சதவீதம் என்று வரும். எடையோடு 28 சதவீதம். எடையை ஒரு நெடுவரிசையாக வைத்து, எடை பெருக்கிய மதிப்பின் கூட்டலை எடையின் கூட்டலால் வகுக்கும் கணக்கை டாஷ்போர்டில் எழுதுங்கள்.

வரைபடத்தில் நடக்கும் தவறுகள்

கோபோவின் இருப்பிடக் கட்டத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், துல்லியம் நான்கும் இடைவெளி விட்டு வரும். லுக்கர் ஸ்டுடியோவுக்கு முதல் இரண்டு மட்டும், நடுவில் காற்புள்ளியோடு வேண்டும். வரிசை மாறி 79.3, 9.3 என்று போனால் ராமேஸ்வரத்து வீடுகள் வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் மிதக்கும். அது உடனே கண்ணில் படும். படாதது, வேறு ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய படிவங்கள். அட்சரேகை 9க்கும் 10க்கும் இடையில், தீர்க்கரேகை 78.2க்கும் 79.5க்கும் இடையில் இருக்கிறதா என்று ஒரு சோதனை. துல்லியம் 20 மீட்டரைத் தாண்டினால் தனியே குறிக்க ஒரு சோதனை. ஒரே புள்ளியில் பல வீடு விழுகிறதா என்று மூன்றாவது. இந்த மூன்றும் தினமும் மாலையில் ஓடட்டும். கணக்கெடுப்பு முடிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

வட்டங்களின் (தாலுகாக்களின்) எல்லையை வண்ணத்தால் நிரப்பும் வரைபடம் இங்கே ஏமாற்றும். கணக்கெடுத்தது கரையோரக் கீற்று. நிறம் பிடிப்பது உள்நாட்டு வயல்வரை. புள்ளி வரைபடமே போதும். எல்லைக் கோப்பை மேப்ஷேப்பர் என்ற கருவியில் சுருக்கும்போது சிறிய வடிவங்கள் காணாமல் போகாமல் காக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பல படத்திலிருந்தே மறைந்துவிடும்.

திரையைப் பற்றிச் சுருக்கமாக. பார்ப்பவர் போனில், வெயிலில் பார்ப்பார். பக்க அகலத்தை 360 முதல் 400 பிக்சலுக்குக் குறைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்தாறு சார்ட். 'திருப்பாலைக்குடி'யைச் செங்குத்துப் பட்டையின் கீழே சாய்த்து எழுதினால் யாராலும் படிக்க முடியாது. படுக்கைப் பட்டை போடுங்கள். சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வேண்டாம், நீலமும் ஆரஞ்சும் வெயிலிலும் பிரிந்து தெரியும். பைத்தானின் மேட்பிளாட்லிப்பில் தமிழ் லேபிளில் கொம்பு இடம் மாறி விழுவது பழைய தொல்லை. பிரவுசரில் வரையும் பிளாட்லியில் அது இல்லை. ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் எத்தனை வீட்டின் பதில் என்று அடி எண் இருக்க வேண்டும். ஃபில்டர் செய்து 10 வீட்டுக்குக் கீழே போனால் சதவீதம் மறையும்படி நிபந்தனை எழுதுங்கள்.

அந்த நிபந்தனை தனியுரிமைக்கும் உதவும். சின்னக் குடியிருப்பில் 'விசைப்படகு வைத்திருப்பவர், கடன் 5 லட்சத்துக்கு மேல்' என்று இரண்டு ஃபில்டர் போட்டாலே ஆள் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வரைபடத்தில் வீட்டுப் புள்ளியை வெளியிடாதீர்கள். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாக வெட்டினால் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு மங்கும். அதைவிட ஊரின் நடுப்புள்ளிக்கு மாற்றுவது பாதுகாப்பு. மீன்பிடிக்கும் இடத்தைக் கேட்டிருந்தால் அதை டாஷ்போர்டில் ஏற்றவே வேண்டாம், அது அவர்கள் தொழில் ரகசியம். பெயரும் போன் எண்ணும் உள்ள ஷீட்டை டாஷ்போர்டோடு இணைத்துவிட்டு, அந்தச் சார்ட்டை மட்டும் மறைப்பது பாதுகாப்பு ஆகாது. அவற்றை நீக்கிய தனி ஷீட்டை உருவாக்கி அதையே இணையுங்கள். பவர் பிஐயில் 'வெப்பில் வெளியிடு' என்பது இணைப்பு கிடைத்த எல்லோருக்கும் திறந்த கதவு; உள் கூட்டத்துக்கான பக்கத்தை அந்த வழியில் கொடுக்கக் கூடாது.

கணக்கெடுப்பு முடிந்த அன்று தரவை உறையவைத்து, தேதியிட்ட பிரதி ஒன்றை எடுத்து, டாஷ்போர்டை நேரடி இணைப்பிலிருந்து அந்தப் பிரதிக்கு மாற்றுங்கள். தலைப்பின் கீழே எந்த மாதங்களில் எடுத்தது, எத்தனை வீடு, எந்தெந்த ஊர் என்று ஒரு வரி. கணக்கு யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். திட்டம் முடிந்து போகும் இளைஞரின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் அதை மூடும் நாளில் டாஷ்போர்டும் மூடிக்கொள்ளும்.